சம்பளத்துக்கு வேலி போடப் போறயா கண்ணு?

சர்க்காருச் சம்பளத்துக்கெல்லாம் ஒரு உச்சவரம்பு போட்டுட்டா ஊரு திருந்தீரும்னு டீக்கடையில பேசிட்டிருந்தயாமா? கேள்விப்பட்டேன் கண்ணு. நல்ல ரோசனைதான். உன்ற பக்கத்துல ஒக்காந்திருந்த பையன், திறமைக்கேத்த சம்பளம் குடுக்காட்டித் திறமைசாலி எவன் வருவான்னு எகிறுனானாமா. அதுவும் நல்ல ரோசனைதான். ரெண்டு பேரும் படிச்ச பசங்க. படிச்சவங்க சண்டையில ஒரு சௌகரியம், கை கலக்காது. டீதான் ஆறிப் போகும்.

உங்க ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு ஊருக் கதை சொல்றேன், கேட்டுக்கோ. கட்டுக்கதை இல்ல. கோர்ட்டுப் படி ஏறி எறங்குன கதை.

அமெரிக்காவுல கலிஃபோர்னியான்னு ஒரு மாநிலம். அங்க லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டணத்தை ஒட்டி பெல்னு ஒரு துளியூண்டு ஊரு. லாஸ் ஏஞ்சல்ஸ்ன்னதும் சினிமாக்காரங்க பங்களாவ நெனச்சுக்காத. இது பொழைக்க வந்த சனம் இருக்கற பக்கம். மெக்சிகோவுல இருந்தும் அதுக்குத் தெக்க இருந்தும் வந்த குடும்பந்தான் எச்சு. ஊரு முச்சூடும் அளந்தாலும் ஆறேழு சதுர கிலோமீட்டரு. 2010 கணக்கெடுப்புல 35,500 பேருக்குக் கொஞ்சம் கம்மி. நெறையப் பேருக்கு அந்த நாட்டுல ஓட்டே கெடையாது. வேலைக்குப் போனமா, வீட்டு வரியக் கட்டுனமா, புள்ளைய இஸ்கோலுக்கு அனுப்புனமான்னு இருக்கற சனம். என்ற பேத்தி அந்தப் பக்கந்தான் குடியிருக்கறா. அவ சொல்லித்தான் எனக்கு இது தெரியும். நம்ப முடியாம ரெண்டாந் தடவை சொல்லச் சொன்னேன். ரெண்டாந் தடவை கேக்கறப்ப இன்னும் மோசமா இருந்துச்சு.

அந்த ஊருக்கு ஒரு நகர மேலாளரு. நம்மூருக் கமிஷனருன்னு வெச்சுக்கோயேன். பேரு ராபர்ட் ரிசோ. 1993ல வந்து சேந்தப்ப வருசச் சம்பளம் 72,000 டாலரு. யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது, ஞாயமான சம்பளம். 2010ல எவ்வளவு இருக்கும், சொல்லு பாக்கலாம்? ரெட்டிப்பா? மூணு மடங்கா? கூச்சப்படாமச் சொல்லு. 7,87,637 டாலரு சாமி. அன்னைய நெலவரத்துல நம்ம காசுக்கு 3.5 கோடிக்கு மேல.

அதே சமயத்துல அமெரிக்க சனாதிபதிக்குச் சம்பளம் 4 லட்சம் டாலரு. அவருகிட்ட அணுகுண்டுப் பெட்டி இருந்துச்சு. இவருகிட்டக் குப்பை வண்டிச் சாவி இருந்துச்சு. எது பெரிய பொறுப்புன்னு நானா சொல்லோணும்?

இன்னும் இருக்குது, பொறு. வருசத்துக்கு 107 நாளு விடுமுறை. அது போக ஒடம்பு சொகமில்லாத லீவு 36 நாளு. சனி ஞாயிறக் கழிச்சா வருசத்துல வேலை நாளே 260 சொச்சந்தான். அதுல 143 நாளு லீவு. மிச்சம் இருந்த நாள்லயே அவரு அம்புட்டு வேலை பாத்திருக்கறாரு. லீவு, சலுகை, பென்சனுக்குக் கட்டுற காசு எல்லாத்தையும் கூட்டுனா வருசத்துக்கு 15 லட்சம் டாலரக் கிட்டத் தொட்டுச்சாமா. ஓய்வு பெத்தா வருசத்துக்கு 6 லட்சத்துக்கு மேல பென்சன் வரும்னு பேப்பர்க்காரங்க கணக்குப் போட்டுக் காட்டுனாங்க.

பெரியவரு அப்படின்னாக் கூட இருக்கறவங்க சும்மா இருப்பாங்களா? அவருக்கு அடுத்த நாற்காலியில இருந்த அம்மா ஏஞ்சலா ஸ்பாசியாவுக்கு 3,76,288 டாலரு. போலீஸ் தலைவருக்கு 4,57,000. லாஸ் ஏஞ்சல்ஸ் மாநகரப் போலீஸ் தலைவருக்கே அப்ப 3 லட்சத்துச் சொச்சந்தான். அவருக்குக் கீழ ஏறக்குறைய 10,000 போலீஸ்காரங்க. பெல்லுல மொத்தம் எண்ணுனா அம்பது தேறாது. தலைக்கு இத்தனைன்னு வகுத்துப் பாத்தா எனக்கு நெஞ்சடைக்குது, நீ போட்டுக்கோ.

அந்தப் பெல்லுப் போலீஸ் தலைவரு வேலைக்குச் சேர்ற சமயத்துல, அவருக்கும் அந்த அம்மாவுக்கும் நடுவால ஈமெயில் ஓடியிருக்குது. பொறவு அதெல்லாம் வெளிய வந்துச்சு. பெல்லோட காசை முச்சூடும் எடுத்துக்க ஆவலா இருக்கறேன்னு அவரு வெளையாட்டா எழுதறாரு. அந்தம்மா, வாங்க, எல்லாரும் ஒண்ணாச் சேந்து கொழுக்கலாம்னு பதில் போடறாங்க. கூடவே ரிசோ அடிக்கடி சொல்ற ஒரு சொலவடையையும் சேத்து விடறாங்க: பன்னி கொழுக்கும், ஆனா பேராசைப் பன்னிய அறுத்துப் போடுவாங்கன்னு. நாம அந்த ரெண்டாவது ரகம் ஆகாம இருந்தாச் சரின்னு ஒரு சமாதானம் வேற. பாத்தயா? அளவுன்னு ஒண்ணு இருக்குதுங்கறது அவங்களுக்குத் தெரியாம இல்ல. அந்த அளவுக்கு இன்னும் நெறைய தூரம் இருக்குதுன்னு நெனச்சாங்க, அவ்வளவுதான். அந்தப் போலீஸ் தலைவரு மேல வழக்கு வரல, அதையும் சொல்லிப் போடறேன். நாளைக்கு என்னைய யாரும் கேக்கக் கூடாது பாரு.

இப்ப உன்ற உச்சவரம்புக்கு வாறேன். அங்க வரம்பே இல்லாமப் போனதாலதான் இப்படி ஆச்சுன்னு சொல்ல வாயத் தொறக்கற, தெரியுது. அங்கதான் கண்ணு வேடிக்கையே. கவுன்சிலருங்களுக்கு வரம்பு இருந்துச்சு! அந்த மாநிலத்துல சட்டமே எழுதி வெச்சிருந்தாங்க. ஊருல 35,000 பேரு வரைக்கும் இருந்தாக் கவுன்சிலருக்கு மாசம் 300 டாலரு. 50,000 பேரு வரைக்கும் 400 டாலரு. வருசத்துக்கு நூத்துக்கு அஞ்சு வரைக்கும் ஏத்திக்கலாம். தலைய எண்ணிச் சம்பளம். இதை விடத் தெளிவா யாரு எழுதுவா?

அது போதாதுன்னு, பக்கத்து ஊரு சவுத் கேட்டுல நடந்த அழிச்சாட்டியத்தப் பாத்துட்டு, 2005ல மாநிலச் சட்டமன்றம் இன்னொரு சட்டத்தையும் போட்டுச்சு. கவுன்சிலரு சம்பளம் கம்மியா இருந்தா என்ன, இந்தக் கமிட்டி, அந்த வாரியம்னு பத்து நாற்காலியில ஒக்காந்து ஒவ்வொண்ணுக்கும் ஒரு படி வாங்கறாங்கல்ல, அதுக்கும் கடிவாளம். நல்ல சட்டம். உன்னையாட்ட நல்ல பசங்க எழுதுனது.

வெள்ளாட்டுக்கு வேலி போட்டுட்டு வந்து படுத்துக்கிட்டா, அது என்ன பண்ணும்? வேலியச் சுத்தி ஒரு நட நடந்து, முள்ளு எங்க சாஞ்சிருக்குதுன்னு பாக்கும். பெல்லு ஊரு வெள்ளாடு இன்னும் வெவரம். தோட்டத்துக்காரனையே கூப்புட்டு, இந்த வேலி எங்களுக்குப் பொருந்தாதுன்னு கையெழுத்து வாங்கிக்கிச்சு.

எப்படின்னு கேளு. அந்த மாநிலத்துல ரெண்டு வகை ஊரு. பொதுச் சட்டத்துல நடக்கற ஊரு ஒண்ணு. தனக்குன்னு ஒரு சாசனம் எழுதிக்கிட்டு நடக்கற ஊரு இன்னொண்ணு. அந்தச் சம்பள வரம்பு முதல் வகைக்குத்தான். சாசன ஊருக்கு அது ஒட்டாது. உடனே பெல்லுல சாசன ஊரு ஆகிக்கலாமான்னு ஒரு தனி ஓட்டெடுப்பு வெச்சாங்க. நாளு 2005 நவம்பர் 29. அந்த நாட்டுப் பெரிய நோம்பி முடிஞ்ச அடுத்த வாரம். சனம் இன்னும் வான்கோழிக் கறி மயக்கத்துல இருக்கற நேரம். ஓட்டுச் சீட்டுல சம்பளம்னு ஒரு சொல்லு கெடையாது. உள்ளூரு சுயாட்சி, நம்ம காரியத்த நாமே பாத்துக்கலாம்கற ரகத்துல பேச்சு. கேக்க நல்லாத்தானே இருக்குது?

மொத்தம் எத்தனை பேரு ஓட்டுப் போட்டாங்கங்கற? 400 பேரு கூட இல்ல. நம்மூரு கெடா வெட்டுல மொதப் பந்தியே அதுக்கு மேல ஒக்காரும். அதுலயும் ஆமான்னவங்கதான் எச்சு. சட்டமன்றம் ஒக்காந்து கட்டுன வேலி, ஒரே நாள்ல போச்சு. முறைப்படி, ஓட்டுப்படி, சனநாயகப்படி போச்சு. இதுல யாரைப் புடிச்சு அடிப்ப?

அப்பறம் என்ன, கவுன்சிலருங்க பாடு கொண்டாட்டந்தான். குப்பைக்கு ஒரு ஆணையம். வீட்டு வசதிக்கு ஒண்ணு. நகராட்சி நிதிக்கு ஒண்ணு. உபரிச் சொத்துக்கு ஒண்ணு. உபரிச் சொத்து எங்க இருந்துச்சுன்னு என்னையக் கேக்காத. அஞ்சு கவுன்சிலரும் எல்லாத்துலயும் உறுப்பினரு. ஒவ்வொண்ணுக்கும் மாசாமாசம் படி. நாலு பேருக்கு மாசம் ஏறக்குறைய 8,000 டாலரு வந்துச்சு. வருசத்துக்கு ஒரு லட்சத்துக்குக் கிட்ட.

அந்த ஆணையமெல்லாம் எப்படிக் கூடுச்சுன்னு கோர்ட்டுல சொன்னதக் கேட்டா நீ விழுந்து விழுந்து சிரிப்ப. நகர மன்றக் கூட்டத்துக்கு நடுவால, குப்பை ஆணையம் கூடுதுன்னு ஒரு வார்த்தை. கலையுதுன்னு ஒரு வார்த்தை. ஒரு நிமிசம். அடுத்தது வீட்டு வசதி. அதுக்கும் ஒரு நிமிசம். நாற்காலிய விட்டு யாரும் எந்திரிக்க வேண்டியதில்ல, அதே ஆளுங்கதானே! அந்தக் குப்பை ஆணையத்தச் சட்டப்படி உண்டாக்கவே இல்லைன்னு அரசுத் தரப்புல வாதாடுனாங்க. பொறக்காத புள்ளைக்குச் சத்துணவு வாங்கித் தின்னிருக்கறாங்க சாமி.

ரிசோ இன்னும் நேக்கா ஒரு வேலை பண்ணுனாரு. அவரு சம்பளத்த ஒரே ஒப்பந்தத்துல எழுதுனாத்தானே கண்ண உறுத்தும்? நகராட்சிக்குக் கொஞ்சம், இந்த ஆணையத்துக்குக் கொஞ்சம், அந்த ஆணையத்துக்குக் கொஞ்சம்னு பிரிச்சுப் பிரிச்சு எழுதிக்கிட்டாரு. எந்தக் காயிதத்தத் தூக்கிப் பாத்தாலும் அடக்கமான தொகை. எல்லாத்தையும் ஒண்ணா வெச்சுக் கூட்டறவனுக்குத்தான் தெரியும். கூட்டறதுக்கு எவன் இருந்தான்? பேப்பர்க்காரங்க அந்தக் கூட்டத்துப் பக்கம் வாடிக்கையா வந்து ஒக்காந்தே ரொம்ப நாளாச்சு.

இரு, ஒருத்தரு கேட்டாரு. இதைச் சொல்லாட்டிப் பாவம். 2008ல உள்ளூருக்காரரு ஒருத்தரு காதுல என்னமோ விழுந்திருக்குது. நேரா நகராட்சி ஆபீசுக்குப் போயி, மேலாளருக்கும் கவுன்சிலருங்களுக்கும் சம்பளம் எவ்வளவு, கணக்கக் குடுங்கன்னு கேட்டாரு. நம்மூர்ல தகவல் உரிமைச் சட்டத்துல எழுதிக் கேக்கறமே, அதே சோலிதான். இல்லைன்னு சொல்லல. கொஞ்ச நாள்ல ஒரு காயிதம் குடுத்தாங்க. மேலாளருக்கு மாசம் 15,478 டாலரு. கவுன்சிலருக்கு மாசம் 673 டாலரு. அவரும் வாங்கிட்டுப் போனாரு.

பச்சைப் பொய் அது. மேலாளரு அதைப் போல மூணு மடங்குக்கு மேல வாங்கிட்டிருந்தாரு. கவுன்சிலருங்க பல மடங்கு. நகராட்சி எழுத்தரம்மா கோர்ட்டுல கூண்டேறி, மேல இருந்து சொல்லித்தான் அந்தக் காயிதத்தக் குடுத்தேன்னு சாட்சி சொன்னாங்க.

நான் இந்தக் கதையில ஒக்காந்து ரோசிச்ச எடம் இதுதான் கண்ணு. பொய் எழுதறவன் எந்தத் தொகைய வேணும்னாலும் எழுதலாம். ஏன் 15,478ன்னு எழுதுனான்? ஏன் 673ன்னு எழுதுனான்? அந்தத் தொகையப் பாத்தா ஊருக்காரன் சரின்னு தலையாட்டிட்டுப் போவான்னு தெரிஞ்சுதானே எழுதுனான்? சம்பளத்துக்கு எது ஞாயமான அளவுன்னு நீங்க ரெண்டு பேரும் டீக்கடையில அடிச்சுக்கறீங்க. ஆலோசனைக் கம்பெனி வெச்சு, அக்கம்பக்கத்து ஊருச் சம்பளத்தையெல்லாம் கட்டம் கட்டி, படம் போட்டு, தடிப் புத்தகமா அறிக்கை எழுதறாங்க. ரிசோவோட ஆபீசுல அதை ஒரே பக்கத்துல எழுதி முடிச்சுட்டாங்க. திருடனுக்கு ஞாயவெலை தெரிஞ்ச மாதிரி வேற எவனுக்கும் தெரியாது.

இதுல ஒரு கூத்து. அஞ்சாவது கவுன்சிலரு ஒருத்தரு 2009ல நடுவால வந்து சேந்தாரு. அவருக்கு மட்டும் நெசமாலுமே மாசம் 673 டாலருதான் குடுத்தாங்க. மத்தவங்க வாங்கறது அவருக்குத் தெரியவே தெரியாதாமா. ஊரை ஏமாத்த எழுதுன பொய்க் காயிதம், அந்த ஒரு மனுசனுக்கு மட்டும் சத்திய வாக்கா இருந்திருக்குது. அப்பாவியா இருக்கறதுல நட்டம் மாசம் 7,000 டாலரு. ஆனா லாபமும் இருந்துச்சு, பொறவு சொல்றேன்.

காசு எங்கிருந்து வந்துச்சுன்னு நீ கேக்கவே இல்லையே. கேக்கோணும். ஏழை ஊரு, லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்துலயே ரொம்ப எச்சாச் சொத்து வரி கட்டுற ஊருகள்ல ஒண்ணா இருந்துச்சு. அப்பெல்லாம் லைசென்சு இல்லாம வண்டி ஓட்டறவனப் புடிச்சா, வண்டிய இழுத்துட்டுப் போயிருவாங்க. மீட்டுட்டு வர நகராட்சிக்கு மட்டும் 300 டாலரு கட்டோணும். பக்கத்து ஊருல அதுல மூணுல ஒரு பங்குதான். இந்த வெள்ளாடு மேஞ்சது சர்க்காருத் தோட்டத்துல இல்ல கண்ணு, கூலிக்காரன் பொடக்காலியில.

எப்படி மாட்டுனாங்க? அதுவும் சுத்தி வந்த வழிதான். மேவுட்னு பக்கத்து ஊரு. அங்க நகராட்சிக்குக் காப்பீடு கெடைக்காமப் போயி, 2010ல வேலைக்காரங்க எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. எங்க ஊரையும் சேத்து நீங்களே நடத்துங்கன்னு யாருகிட்டக் குடுத்தாங்க தெரியுமா? பெல்லுகிட்ட! நிர்வாகத்துல கெட்டிக்காரங்கன்னு பேரு போல. அந்த மேவுட் சங்கதிய வெசாரிக்கப் போன லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் நிருபருங்க ரெண்டு பேரு, ஜெஃப் காட்லீபும் ரூபன் விவெசும், பெல்லு சம்பளக் கணக்கக் குடுங்கன்னு கேட்டாங்க. இழுத்தடிச்சாங்க. இவங்க விடல. கடைசியில லிட்டில் பேர்னு ஒரு பூங்கா, அங்க இருக்கற கட்டடத்துல ஒரு மேசையச் சுத்தி ஒக்காந்து, ரிசோவும் அதிகாரிகளும் ஒப்பந்தக் காயிதத்த எடுத்து வெச்சாங்க. எவ்வளவு வாங்கறீங்கன்னு கேட்டதுக்கு அவரு வாயாலயே சொன்னாரு. 2010 சூலை நடுவுல செய்தி வந்துச்சு.

அப்ப ரிசோ என்ன சொன்னாரு தெரியுமா? இந்தத் தொகை சனத்துக்குத் தொண்டையில சிக்குதுன்னா, நான்தான் தப்பான தொழிலுக்கு வந்துட்டேன் போல. தனியாருக்குப் போனா இதைச் சம்பாதிச்சுக்குவேன்னாரு. உன்ற சிநேகிதன் சொன்ன திறமை இதுதான் கண்ணு! எனக்கு ஒரே ஒரு சந்தேகம். தனியாருல அள்ளிக் குடுப்பான்னா, 17 வருசமா அந்தத் துளியூண்டு ஊருல எதுக்குக் கெடந்தாரு? போயிருக்கலாமே? யாரு காலைப் புடிச்சாங்க?

செய்தி வந்த பொறவு ஊரு எந்திரிச்சுச்சு. அதுவரைக்கும் ஈயோட்டுன மன்றக் கூடத்துல நிக்க எடமில்ல. பாஸ்தான்னு ஒரு இயக்கத்த ஆரம்பிச்சு, கையெழுத்து வாங்கித் தெருத் தெருவாப் போனாங்க. செப்டம்பர் 21ஆம் தேதி மேலாளரு, அந்தம்மா, கவுன்சிலரு, முன்னாள் கவுன்சிலருன்னு எட்டுப் பேரக் கைது பண்ணிட்டாங்க. 2011 மார்ச்சுல ஓட்டு வெச்சு மிச்சமிருந்தவங்களையும் தூக்கிப் போட்டாங்க. அந்தப் பேப்பருக்குப் புலிட்சர் பரிசு வந்துச்சு. ரிசோ 69 குத்தச்சாட்டுக்கும் எதிர் வாதம் பண்ணலைன்னு 2013ல கைய விரிச்சுட்டாரு. 2014ல 12 வருசம் தண்டனை. 88 லட்சம் டாலரத் திருப்பிக் கட்டோணும்னும் உத்தரவு. அந்தம்மாவுக்கு 11 வருசம் 8 மாசம். கவுன்சிலருங்கள்ல ஒருத்தருக்கு ரெண்டு வருசம், சிலருக்கு ஒரு வருசம், ஒருத்தருக்கு வீட்டுக்காவல், ஒருத்தருக்கு விடுதலை. எச்சா வாங்குன சொத்து வரி ஏறக்குறைய 30 லட்சம் டாலர ஊருக்காரங்களுக்குத் திருப்பிக் குடுக்கறாப்பல ஆச்சு.

மேயரா இருந்தவரு ஒரு மளிகைக் கடைக்காரரு. பெரிய படிப்பெல்லாம் இல்லாத மனுசன், நீட்டுன எடத்துல கையெழுத்துப் போட்டாருன்னு அவரு வக்கீலு வாதாடுனாரு. எனக்கு அதுல பாதி எரக்கம், பாதி சிரிப்பு. மளிகைக் கடைக்காரன் கணக்குப் பாக்காமக் கையெழுத்துப் போடுவானா? பருப்பு மூட்டையில கால் கிலோ கொறஞ்சா ராத்திரி தூங்குவானா?

பொறவு பட்டணத்துப் பெரியவங்கெல்லாம் கூடி ஒரே விவாதம். உச்சவரம்பு வெய்யி, வெக்காத. மேல இருக்கறவன் சம்பளம் கீழ இருக்கறவனுக்கு இத்தனை மடங்குன்னு கட்டு, கட்டாத. நெறையப் பேசுனாங்க. உருப்படியா நடந்தது ஒண்ணு. மாநிலக் கணக்கு அதிகாரி ஜான் சியாங், எல்லா ஊருக்காரங்களும் யாரு யாருக்கு எவ்வளவு சம்பளம்னு எழுதி அனுப்போணும்னு உத்தரவு போட்டு, அதை அப்படியே வலைத்தளத்துல ஏத்தி விட்டுட்டாரு. அதுக்கு எந்த ஆலோசனைக் கம்பெனியும் தேவைப்படல.

அந்த 300, 400 டாலரு வரம்பு என்னாச்சுன்னு கேளு. 1984ல எழுதுன தொகை, நாப்பது வருசமா அப்படியே கெடந்துச்சு. ஊரு வேலைக்கு வர்றவன் பஸ்சுக்கும் சோத்துக்கும் கையக் கடிக்காம இருக்கோணுமில்ல? இல்லாட்டிக் காசிருக்கறவன் மட்டுந்தான் வருவான், இல்லாட்டி வேற வழியில எடுத்துக்கறவன் வருவான். அதை ரோசிச்சு, 2024லருந்து 300ஐ 950ஆவும், 400ஐ 1,275ஆவும் தூக்கிட்டாங்க. உனக்குக் கோவம் வருதாக்கும்? வரட்டும். வரம்புங்கறது கம்மியா இருந்தா ஒழுக்கம், எச்சா இருந்தா ஊழல்னு யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தாங்க? மாசம் 400ன்னு சட்டம் இருந்த மாநிலத்துலதான் 8,000 வாங்குனாங்க, மறந்துட்டயா?

அந்த அஞ்சாவது கவுன்சிலரு சங்கதி சொல்றேன்னேனே. புது ஓட்டு வெக்கறதுக்கு முந்தியே மத்தவங்களை மன்றத்துப் பக்கமே வரக் கூடாதுன்னு கோர்ட்டு சொல்லிப் போடுச்சு. ஒருத்தரு ராஜினாமா. மிச்சம் நின்னவரு இவரு மட்டுந்தான். கூட்டம் நடத்தத் தேவையான ஆளு இல்ல. ஒரு தீர்மானமும் போட முடியல. மாசம் 673 டாலருக்கு வந்த மனுசன் கையில ஒரு ஊரையே குடுத்துட்டு, ஒண்ணும் பண்ணக் கூடாதுன்னும் சொல்லிட்டாங்க.

புது மன்றம் வந்ததும் மேலாளரு வேலைக்கு ஆளு தேடுனாங்க. கென் ஹேம்பியன்னு ஒருத்தரு, சான் லூயிஸ் ஒபிஸ்போங்கற ஊர நடத்தி ஓய்வு பெத்தவரு, கொஞ்ச நாளைக்கு நான் பாத்துக்கறேன்னு வந்தாரு. செலவக் குடுத்தாப் போதும், சம்பளம் ஒரு டாலரு. உடனே எந்திரிச்சு நின்னுக்கிட்டு, சேவை மனப்பான்மைன்னு மைக்கப் புடிச்சராத. அவருக்குப் பென்சன் வருது கண்ணு. வாடகை கட்ட வேண்டியவனக் கொண்டாந்து ஒரு டாலருக்கு ஒக்கார வெச்சா, அவன் மத்தியானத்துக்குள்ள உபரிச் சொத்து எங்கன்னு தேட ஆரம்பிச்சிருவான். அவங்களுக்கும் அது தெரியும். பொறவு ஒழுங்காச் சம்பளம் பேசி நிரந்தரமா ஒரு மேலாளர வெச்சுக்கிட்டாங்க.

அவருக்கு எவ்வளவுன்னா கேக்கற? அதான் அந்த வலைத்தளத்துல கெடக்குதாமே. உன்ற கையிலதான் நாள் முச்சூடும் போனு இருக்குதே, தட்டிப் பாரு. பாத்துட்டு எனக்கும் படிச்சுச் சொல்லு. கொஞ்சம் சத்தமாப் படி சாமி, காது மந்தம்.